மடியில் பேரன் இருக்க, திதி யாருக்கு?

சோழநாட்டுச் சிற்றூர் ஒன்றிலிருந்து ஒரு சகோதரி எழுதியுள்ள நீண்ட கடிதத்தின் சாரம் இது. "சென்ற மார்கழியில் என் தந்தையார் பக்கவாதத்தால் ஐந்து நாள் நினைவின்றி மருத்துவமனையில் கிடந்து காலமானார். நான் ஒரே மகள். கொள்ளி வைத்ததும், 16ஆம் நாள் கருமாதி செய்ததும் நான்தான். பெண் செய்த கிரியை போய்ச் சேராது என்றும், கடைசி நேரத்தில் இறைவன் பெயர் காதில் விழாமல் பிரிந்த உயிர் அலையும் என்றும் உறவினர் சிலர் சொன்னார்கள். இந்தக் கார்த்திகையில் எனக்கு ஆண் குழந்தை பிறந்தது. தந்தையாருக்கு இருந்தது போலவே அவனுக்கும் இடக்காதின் பின்னால் மச்சம் இருக்கிறது. அவரே வந்துவிட்டார் என்று அம்மா குழந்தையைக் கீழே விடுவதில்லை. இப்போது தலைத் திவசம் நெருங்குகிறது. அவர்தான் வந்துவிட்டாரே, யாருக்குத் திதி என்று அம்மா கேட்கிறார். பிறந்துவிட்டவருக்குத் திதி கொடுத்தால் குழந்தைக்கு ஆகாது என்று ஓர் உறவினர் அச்சுறுத்துகிறார். நம் நூல்கள் என்ன சொல்கின்றன?"

அன்புள்ள சகோதரிக்கு,

தந்தையை இழந்த ஆண்டு முடிவதற்குள் தாயாகியிருக்கிறீர்கள். துக்கமும் மகிழ்ச்சியும் ஒரே வீட்டில் இப்படி நெருக்கியடித்துக்கொண்டு வரும்போது மனம் தடுமாறுவது இயல்பு. சைவ சித்தாந்தம் பயிற்றும் ஆசிரியனாகப் பல இழவு வீடுகளில் அமர்ந்து இத்தகைய கேள்விகளுக்கு விடை சொல்ல முயன்றிருக்கிறேன். உங்கள் கேள்வி அவற்றுள் மிக நுட்பமானது. ஆனால் உங்களை இரவில் உறங்கவிடாமல் செய்வது அந்த நுட்பமன்று, குழந்தைக்கு ஏதேனும் நேர்ந்துவிடுமோ என்ற அச்சமே என்று கடிதத்தின் கையெழுத்தே காட்டுகிறது. ஆகவே அதை முதலில் தீர்த்துவிடுகிறேன். திதி கொடுப்பதால் குழந்தைக்குத் தீங்கு வரும் என்று நான் பயின்ற சைவ நூல் எதுவும் சொல்லவில்லை, வைணவ நூல்களிலும் தர்ம சாத்திரங்களிலும் அப்படி ஒரு கருத்தை நான் கண்டதில்லை. முன்னோர்க்குச் செய்யும் கடன் வழித்தோன்றல்களுக்கு நன்மை தரும் என்பதே அவை ஒருமுகமாகச் சொல்வது. அந்த உறவினர் சொன்னதை இத்துடன் மறந்துவிடுங்கள்.

இனி, உங்கள் தந்தையாரே குழந்தையாக வந்திருக்கிறாரா என்ற கேள்விக்கு வருவோம். இறந்த உயிர் எவ்வளவு காலத்தில் மறுபிறவி எடுக்கிறது என்பதில் நம் நூல்கள் ஒரே குரலில் பேசவில்லை என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். பிருகதாரணியக உபநிடதம், புல்லின் நுனிக்கு வந்த அட்டை அடுத்த புல்லைப் பற்றிக்கொண்ட பிறகே பழைய புல்லை விடுவது போல, உயிரும் அடுத்த பற்றுக்கோட்டை அடைந்து இவ்வுடலை விடுகிறது என்கிறது. 'உறங்கு வதுபோலுஞ் சாக்காடு உறங்கி விழிப்பது போலும் பிறப்பு' என்ற குறளைப் படிக்கும்போதும் இடைவெளி மிகச் சிறியது என்றே தோன்றுகிறது. ஆனால் சாந்தோக்கிய உபநிடதத்தில் பிரவாகண ஜைவலி என்னும் அரசன் கௌதமருக்கு உரைக்கும் ஐந்து அக்கினிகளின் வித்தையோ நெடிய பயணம் ஒன்றைச் சொல்கிறது. நல்வினை செய்த உயிர் புகையின் வழியே முன்னோர் உறையும் பிதிரர் உலகையும் சந்திரனையும் அடைந்து, வினைப்பயன் தீருமட்டும் அங்கே தங்கி, பின்பு வானாய், காற்றாய், புகையாய், மேகமாய், மழையாய் இறங்கி, நெல்லாகவும் எள்ளாகவும் உளுந்தாகவும் முளைத்து, உணவாக ஓர் உடலுக்குள் புகுந்து, அதன் பிறகே கருவை அடைகிறது. தானியமாகிவிட்ட நிலையிலிருந்து வெளியேறுவது மிக அரிது என்றும் அந்த உபநிடதமே சேர்த்துச் சொல்கிறது. இழவு வீடுகளில் படிக்கப்படும் கருட புராணமோ, முதல் பத்து நாள் பிண்டங்களால் உயிருக்குப் பயண உடல் ஒன்று அமைவதாகவும், அதன் பிறகு ஓராண்டு காலம் அது யமபுரியை நோக்கி வழிநடப்பதாகவும் விரிக்கிறது.

இவற்றுள் முதல் வழியைக் கொண்டால் உங்கள் தந்தையார் பதினொரு மாதத்தில் உங்கள் வயிற்றில் வந்து பிறந்திருக்கக் கூடும். கருட புராணத்தைக் கொண்டால் அவர் இன்னும் வழியில் இருக்கிறார். சாந்தோக்கியத்தைக் கொண்டால் எங்கே இருக்கிறார் என்று கணக்கிடவே முடியாது. ஒன்றை மட்டும் எடுத்துக்காட்டி 'நூலில் இருக்கிறது' என்று உங்களை வற்புறுத்துபவர் மற்றவற்றை மறைத்துவிடுகிறார். 13ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த சைவ சித்தாந்த ஆசிரியர் மெய்கண்டார் இந்த நாள் கணக்கைவிட ஆழமான ஓரிடத்துக்கு நம்மை அழைத்துச் செல்கிறார். சிவஞானபோதம் என்னும் தம் நூலின் இரண்டாம் சூத்திரத்தில், உயிர் ஓர் உடலை விட்டு இன்னோர் உடலுக்குப் போகும் முறைக்குப் பாம்பு தோலுரிப்பதையும், நனவுடலை விட்டுக் கனவுடலில் புகுவதையும், யோகி தன் உடலை விட்டு வேறோர் உடலில் புகுவதையும் அவர் உவமையாகக் காட்டுகிறார். குடம் உடைந்தால் குடத்துக்குள் இருந்த வெளி பெருவெளியோடு கலப்பது போல என்று சொல்லப்படும் உவமையைப் பொருந்தாது என்று தள்ளிவிடுகிறார். உயிர் வெளியைப் போலக் கரைந்துபோவதன்று. நுண்ணுடம்போடு, தன் வினையைச் சுமந்துகொண்டு போவது. இந்த மறுப்பு எனக்கு எப்போதும் ஆறுதலாகவே இருந்திருக்கிறது. இழந்துவிட்டோம் என்று நாம் அழுகிறவர் எங்கோ இல்லாமல் ஆகிவிடவில்லை என்று தத்துவத்தின் கறாரான மொழியில் சொல்வது அது.

ஆனால் அந்தக் கனவு உவமைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. கனவு காண்பவன் நனவை மறந்துவிடுகிறான். நேற்று வயலுக்கு நீர் பாய்ச்சியவன் இன்றிரவுக் கனவில் அந்த வயலை அறியாத ஊரில் திரிகிறான். அவ்வாறே உயிரும் முன்னுடலில் கண்டதையும் கேட்டதையும் மறந்து கருவில் விழுகிறது என்கிறார் மெய்கண்டார். ஒரு பேச்சுக்காக, உங்கள் தந்தையாரின் உயிரே உங்கள் மகனாக வந்திருக்கிறது என்று வைத்துக்கொண்டாலும், வந்திருப்பவர் உங்கள் தந்தையார் அல்லர். உங்களை அறிந்தவராக, உங்கள் தாயாரைக் கைப்பிடித்தவராக, அந்த வீட்டுத் திண்ணையில் அமர்ந்து பேசியவராக அவர் வரவில்லை. எல்லாவற்றையும் புதிதாகக் கற்க வேண்டிய ஓர் உயிராக வந்திருக்கிறார்.

பாகவதத்தின் ஆறாம் ஸ்கந்தத்தில் சித்திரகேது மன்னனின் வரலாறு இதை நெஞ்சில் தைக்கும்படி சொல்கிறது. நெடுநாள் பிள்ளையில்லாதிருந்த சித்திரகேதுவுக்கு அங்கிரஸ் முனிவர் அருளால் ஒரு மகன் பிறந்தான். மற்ற மனைவியர் பொறாமையால் அக்குழந்தைக்கு நஞ்சூட்டிக் கொன்றுவிட்டார்கள். அரசனும் அரசியும் பிணத்தின் மேல் விழுந்து அழுதுகொண்டிருந்தபோது நாரதர் வந்து, பிரிந்துபோன உயிரை அழைத்து, "உன் பெற்றோர் வருந்துகிறார்கள், உடலுக்குத் திரும்பி வந்து எஞ்சிய வாழ்நாளை அவர்களோடு கழி" என்றார். அந்த உயிர் சொன்ன விடை இது: "வினையின் வழியே தேவராகவும் விலங்காகவும் மனிதராகவும் எத்தனையோ பிறவிகளில் உழன்றேனே, எந்தப் பிறவியில் இவர்கள் எனக்குத் தாயும் தந்தையுமாக இருந்தார்கள்?" சொல்லிவிட்டு அது போய்விட்டது. முதல் வாசிப்பில் இது இரக்கமற்ற விடையாகத் தோன்றும். எனக்கும் இளமையில் அப்படித்தான் தோன்றியது. பிறகுதான் புரிந்தது, உறவு பொய் என்று அந்த உயிர் சொல்லவில்லை. அந்த உறவு அந்த உடலோடு, அந்தப் பிறவியோடு நிறைவுற்றது என்கிறது. 'அன்னை எத்தனை எத்தனை அன்னையோ, அப்பன் எத்தனை எத்தனை அப்பனோ' என்று பாடிய பட்டினத்தாரும், முன்னே எத்தனை பிறவி என்று கேட்டுவிட்டு, 'அடியேனும் அறிந்திலேன்' என்றே சொல்கிறார். துறவின் உச்சியில் நின்றவரே அறியாததை ஒரு மச்சத்தைப் பார்த்து நாம் அறிந்துவிட முடியுமா என்று உங்கள் தாயாரிடம் அல்ல, உங்களிடம் மட்டும் கேட்கிறேன்.

மச்சத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பேரன் தாத்தாவின் வழிவந்தவன். மூக்கும் நடையும் குரலும் வருவதுபோல் மச்சமும் அந்த இரத்தத்தின் வழியாக வரக்கூடும். 'பேரன்' என்னும் சொல்லே 'பெயரன்' என்பதன் மருஉதான். பாட்டன் பெயரைப் பேரனுக்கு இட்டு அந்தப் பெயரை வீட்டில் மீண்டும் ஒலிக்கச் செய்வது நம்மவரின் மிகப் பழைய வழக்கம். நீங்களும் விரும்பினால் தந்தையார் பெயரையே குழந்தைக்கு இடுங்கள், அதில் ஒரு தடையும் இல்லை.

அடுத்தது உங்கள் தாயாரின் கேள்வி: பிறந்துவிட்டவருக்குத் திதி எதற்கு? இதற்கான விடை திருக்குறளின் உரையிலேயே இருக்கிறது. இல்வாழ்வான் பேண வேண்டிய ஐவருள் தென்புலத்தாரை முதலில் வைத்தார் வள்ளுவர். அங்கே பரிமேலழகர், பிதிரர் என்போர் படைப்புக் காலத்தில் அயனால் (பிரமனால்) படைக்கப்பட்ட ஒரு கடவுட்சாதி என்றும், அவர்க்கு இடம் தென்திசையாதலால் தென்புலத்தார் எனப்பட்டனர் என்றும் விளக்குகிறார். ஆக, தென்புலத்தார் என்ற சொல் நம் வீட்டில் இறந்த ஒருவரை மட்டும் குறிப்பதன்று. தர்ம சாத்திரங்களும் இதையே வேறு வகையில் சொல்கின்றன: தந்தை வசு வடிவிலும், பாட்டனார் ருத்திர வடிவிலும், முப்பாட்டனார் ஆதித்திய வடிவிலும் நின்று திதியை ஏற்கின்றனர், அத்தேவதைகள் நிறைவுற்று, உரியவரை நிறைவுறச் செய்கின்றனர். நாம் இடுவது அத்தேவர்கள் கையில்தான் சேர்கிறது. உரியவர் எந்தப் பிறவியில், எந்த உலகத்தில் இருந்தாலும் அங்கே கொண்டுசேர்ப்பது அவர்கள் பொறுப்பு. மச்ச புராணம் இதை அழகாக விரிக்கிறது. தந்தை தேவராகியிருந்தால் இட்ட உணவு அமுதமாகவும், விலங்காகியிருந்தால் புல்லாகவும், பாம்பாகியிருந்தால் காற்றாகவும் மாறி அவரைச் சென்றடையுமாம். மந்தையில் தாய்ப்பசு எங்கே நின்றாலும் கன்று அதைக் கண்டுபிடிப்பது போல, திதியும் உரியவரைக் கண்டுபிடிக்குமாம்.

சித்தாந்தம் இதற்கு அடிப்படைக் காரணமும் சொல்கிறது. வினை சடம். தானாக வழி அறிந்து செய்தவனைச் சென்று சேரும் அறிவு அதற்கு இல்லை. யாருடைய வினை யாரைச் சேர வேண்டும் என்று அறிந்து கூட்டுவிப்பவன் இறைவன். ஆயிரம் பசுக்களுக்கு நடுவே கன்றைத் தாயிடம் சேர்ப்பவன் அவன் என்றால், தந்தையார் இன்று எங்கே இருக்கிறார் என்பது நமக்குத் தெரியாமலிருப்பதால் திதிக்கு ஒரு குறையும் வராது. தெரிந்திருக்க வேண்டும் என்ற தேவையே நமக்கு இல்லை. அவர் பிறந்திருந்தாலும் பிறக்காவிட்டாலும் நீங்கள் செய்வது ஒன்றே.

இன்னொன்றும் உண்டு. மனு தர்மம் திதியைத் தூய்மையாக்குபவை மூன்று என்கிறது: கம்பளி என்றும் நண்பகல் வேளை என்றும் பொருள் கொள்ளப்படும் குதபம், எள், மகள் வயிற்றுப் பேரன். உங்கள் மகன் அந்த மூன்றாமவன். பெரியவனாகித் தாத்தாவுக்கு எள்ளும் நீரும் இறைக்கும் உரிமையோடு பிறந்திருப்பவனை, அந்த எள்ளையும் நீரையும் வாங்கிக்கொள்பவராக ஆக்கிவிட வேண்டாம் என்று உங்கள் தாயாரிடம் ஒருநாள் பக்குவமாகச் சொல்லலாம்.

பெண் செய்த கிரியை சேராது என்று சொன்னவர்களுக்கு வருகிறேன். வடமொழி நூல்கள் மகனுக்கு முதலிடம் தருகின்றன. புறநானூற்றிலும் 'தென்புல வாழ்நர்க்கு அருங்கடன் இறுக்கும் பொன்போற் புதல்வர்' என்ற தொடர் உண்டு. அதை நான் மறைக்கவில்லை. ஆனால் அதே புறநானூற்றின் 234ஆம் பாடலையும் அவர்கள் படிக்க வேண்டும். வேள் எவ்வி என்னும் குறுநில மன்னன் போரில் இறந்த பிறகு வெள்ளெருக்கிலையார் பாடியது அது. பெண் யானையின் காலடி அளவுள்ள சிறிய இடத்தை மெழுகி, புல்லைப் பரப்பி, அதன் மேல் அவன் காதல் மனைவி ஒரு சிறு பிண்டத்தை வைக்கிறாள். பார்த்து நிற்கும் புலவர், 'இன்சிறு பிண்டம் யாங்குண் டனன்கொல்' என்று கலங்குகிறார். உலகமே வந்து நுழையத் திறந்து கிடந்த வாயிலில் பலரோடு அமர்ந்து உண்டு பழகியவன் இந்தச் சிறு உருண்டையை எப்படி உண்டானோ என்பது அவர் துயரம். பெண் வைத்தாளே, சேருமா என்ற ஐயம் அவருக்கு எழவே இல்லை. இறந்தவனின் பெருமையும் பிண்டத்தின் சிறுமையும் மட்டுமே அவரை வருத்துகின்றன. சுமார் 2000 ஆண்டுகளுக்கு முன் தமிழ் மண்ணில் ஒரு பெண்ணின் கை வைத்த பிண்டம் அது. அன்போடு நீங்கள் வைத்த கொள்ளிக்கும் 16ஆம் நாள் செய்த கிரியைக்கும் எந்தக் குறையும் இல்லை என்று நான் முழு மனத்தோடு சொல்கிறேன். அவர் உயிர் அலைகிறது என்ற சொல்லை இனி உங்கள் வீட்டு வாசலுக்குள் அனுமதிக்காதீர்கள்.

நினைவின்றிப் பிரிந்ததைப் பற்றி நீங்கள் எழுதியிருந்த வரிகளைப் படித்துவிட்டுச் சற்று நேரம் கடிதத்தை மூடி வைத்துவிட்டேன். அந்த ஐந்து நாளும் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று, காதில் ஒரு முறை 'சிவாய நம' என்று சொல்ல விடமாட்டார்களா என்று நீங்கள் தவித்திருக்கிறீர்கள். இறுதியில் எதை நினைக்கிறானோ அதையே அடைகிறான் என்ற கீதையின் வாக்கைக் காட்டி உங்களை வருத்தியிருக்கிறார்கள். அந்தச் சுலோகத்தின் கடைசி அடி, 'எப்போதும் அந்த நினைவிலேயே ஊறியவனாக' என்று முடிகிறது. இறுதி நொடியின் நினைவு ஆயுள் முழுவதும் ஊறிய நினைவின் விளைச்சல் என்பதே அதன் பொருள். நாள்தோறும் காலையில் திருநீறு பூசித் தேவாரம் சொல்லாமல் காப்பி குடிக்காதவர் என்று தந்தையாரைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். அவருடைய இறுதி நினைவு அந்தக் காலைகளில் எப்போதோ சொல்லி வைக்கப்பட்டுவிட்டது. பெரியாழ்வார் அரங்கனிடம் 'அப்போதைக்கு இப்போதே சொல்லிவைத்தேன்' என்றது இதைத்தான். வராகப் பெருமாளின் வாக்காக வைணவர்கள் போற்றும் சரம சுலோகமும், உடல் நலத்தோடு இருந்தபோது என்னை நினைத்தவன் கட்டையைப் போலவும் கல்லைப் போலவும் நினைவிழந்து கிடக்கையில், அவனை நான் நினைக்கிறேன், நானே அழைத்துச் செல்கிறேன் என்கிறது. நான் சைவத்தில் வளர்ந்தவன். ஆயினும் இந்த ஓரிடத்தில் சைவம், வைணவம் என்று எனக்கு வேறுபாடு தெரிவதில்லை. அந்தக் கண்ணாடிக் கதவு உங்களைத்தான் தடுத்தது, இறைவனைத் தடுக்கவில்லை.

உங்கள் தாயாரிடம் இவற்றையெல்லாம் ஒரே நாளில் சொல்ல வேண்டாம். அவர் குழந்தையை 'அப்பா', 'ஐயா' என்று கொஞ்சினால் கொஞ்சட்டும். நம் வீடுகளில் பிள்ளைகளை அப்படி அழைப்பது புதிதன்று. ஆனால் குழந்தை வளர்ந்து பேச்சு அறியும் வயதில், 'உன் தாத்தா இதைச் செய்ய மாட்டாரே' என்றோ, 'நீதான் அவர்' என்றோ சொல்லி வளர்ப்பதை மட்டும் மெல்லத் தடுத்துவிடுங்கள். அவனுக்கு அவனுடைய வினையும் அவனுடைய வாழ்வும் உண்டு. இன்னொருவரின் வாழ்வின் எச்சமாக அவன் வளர வேண்டியதில்லை. தாயாரின் பிடிப்பு நாளாக நாளாகத் தளராமல் இறுகினால், உண்ணாமலும் உறங்காமலும் குழந்தையையே காத்துக்கொண்டிருந்தால், நல்ல மனநல மருத்துவர் ஒருவரிடம் அழைத்துச் செல்லத் தயங்காதீர்கள்.

இனித் திதி நாள். தந்தையார் மறைந்த ஆங்கிலத் தேதியைக் கொள்ளாமல், மார்கழியில் அன்றிருந்தது வளர்பிறையா தேய்பிறையா, திதி எது என்று பஞ்சாங்கத்தில் பார்த்து இவ்வாண்டு அதே திதி வரும் நாளைக் கொள்ளுங்கள். பிள்ளைப்பேற்றுத் தீட்டு நாள்களுக்குள் அது விழுந்தால், தீட்டுக் கழிந்ததும் செய்வது வழக்கம். உங்கள் குடும்ப வழக்கத்தைப் பெரியவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். புரோகிதர் ஒருவர் மறுத்தால் மகள் செய்ய இசைபவரைத் தேடுங்கள். எவரும் கிடைக்காவிட்டாலும் கவலைப்படாமல், அவர் படத்துக்கு முன் விளக்கேற்றி, அவர் விரும்பி உண்டவற்றைச் சமைத்துப் படையலிட்டு, சிவபுராணத்தை ஒருமுறை முழுதும் ஓதுங்கள். 'புல்லாகிப் பூடாய்ப் புழுவாய் மரமாகி' என்று தொடங்கும் அடிகளில் உங்கள் கேள்வி முழுவதும் இருக்கிறது, 'எல்லாப் பிறப்பும் பிறந்திளைத்தேன் எம்பெருமான்' என்னும் விண்ணப்பத்தோடு. பிறகு பசித்தவர் சிலரை அழைத்து வயிறார உணவிடுங்கள். அன்று குழந்தையை நீங்கள் மடியில் வைத்துக்கொண்டு, இலையில் முதல் பிடிச் சோற்றைத் தாயாரின் கையால் வைக்கச் சொல்லுங்கள்.